ஆஸ்திரேலியா ப்ரொடெக்‌ஷன் விசா ரிஜெக்ட், கோர்ட்ல புது ஆதாரம் எடுப்பாங்களா?

தாரமங்கலத்தான்:
வணக்கம்ங்க, நாங்க சேலம் பக்கம் இலங்கை அகதி முகாம்ல இருக்கோம். சித்தி பையன் மெல்போர்ன்ல 866 விசா (அகதிகளுக்குப் பாதுகாப்பு குடுக்கற விசா) கேட்டான், முதல்ல இமிக்ரேஷன் டிபார்ட்மெண்ட் இல்லைனுச்சு, இப்ப அந்த முடிவை மறுபடி பாக்கற ட்ரிபியூனலும் கைவிரிச்சிருச்சு. ஆர்டரை வாட்ஸப்ல அனுப்பினான், அஞ்சு ரோடு ஜெராக்ஸ் கடைல பிரிண்ட் போட்டு ராத்திரி பூரா டிக்‌ஷனரியும் கையுமா படிச்சேன். இவனைப் பிடிச்சுட்டுப் போனது 2011னு ஒரு இடத்துல, 2012னு இன்னொரு இடத்துல சொல்லிட்டானாம், அதனால மொத்தக் கதையும் நம்ப முடியாதாம். அடி வாங்குனவன் காலண்டரா பாத்துட்டு இருப்பான்? இப்ப ஊர்லருந்து சித்தி ஒரு போலீஸ் நோட்டீஸ் அனுப்பிருக்காங்க, கோர்ட்ல காட்டினா விசா கிடைச்சிருமா?

சூரமங்கலம்_ராஜா:
தாராளமா போங்க பாஸ், கீழ் கோர்ட்ல தோத்தா மேல அப்பீல் போட்டு முதல்லருந்து பேசறதில்லையா, அதே கதைதான்.

ஏற்காடு_மிளகு:
ராஜாண்ணா, தப்பா வழி காட்டாதீங்க. நான் அங்க கொஞ்ச வருஷம் இன்டர்பிரட்டரா இருந்தவன். ப்ளஸ் டூ மறுகூட்டல் மாதிரி நினைச்சுக்கங்க. ஒரு பக்கம் திருத்தாம விட்டிருந்தா கேக்கலாம், அஞ்சு மார்க் கேள்விக்கு ரெண்டு போட்டது கம்மின்னு சண்டை போட முடியாது. தம்பி சொன்னது உண்மையா பொய்யான்னு ஃபெடரல் சர்க்யூட் அண்ட் ஃபேமிலி கோர்ட் மறுபடி எடை போடாது. ஜூரிஸ்டிக்‌ஷனல் எரர் இருக்கான்னு மட்டும்தான் பாக்கும், அதாவது சட்டத்தைத் தப்பா புரிஞ்சாங்களா, அவன் பேச நியாயமா வாய்ப்பு குடுத்தாங்களா, சொன்ன முக்கியமான பயத்தைக் கண்டுக்காமயே விட்டாங்களான்னு. ட்ரிபியூனல் பாக்காத நோட்டீஸ் இங்க பெரும்பாலும் எடுபடாது. ஜெயிச்சாலும் கோர்ட் விசா குடுக்காது, கேஸ் திரும்ப ட்ரிபியூனலுக்குத்தான் போகும். தோத்தா எதிர்த்தரப்பு செலவும் தலைல விழலாம். நோட்டீஸை வெச்சு அங்க இருந்துக்கிட்டே புதுசா அப்ளை பண்ணலாம்னா அங்கத்த மைக்ரேஷன் சட்டம் 48ஏ பிரிவு மறிக்குது, அமைச்சர் மனசு வெச்சாத்தான் உண்டு, வைக்கணும்னு கட்டாயமும் இல்ல.

தாரமங்கலத்தான்:
அண்ணா ஒரு விஷயம், ஊர் ஃபாதர் குடுத்த லெட்டர் ஒண்ணு ட்ரிபியூனல்ல குடுத்தோம், ஆர்மி ரெண்டு தடவை வீட்டுக்கு வந்து இவனைக் கேட்டுச்சுன்னு எழுதிருந்தாரு. ஆர்டர்ல அதைப் பத்தி ஒரு வரி கூட இல்ல, இப்ப மறுபடி புரட்டிப் பாத்துட்டேன்.

ஏற்காடு_மிளகு:
அட, இதை முதல்லயே சொல்லிருக்கலாம்ல! நோட்டீஸை விடுங்க, இதைப் பிடிங்க. ஆர்டர்ல லெட்டர் பேச்சே வரலன்னா உடனே தப்புன்னு ஆகிடாது, அந்த லெட்டரைப் பாத்திருந்தா முடிவு மாறிருக்கலாம்னு வக்கீல் காட்டணும். லெட்டர் குடுத்ததுக்கு மெயில் ப்ரூஃப் தேடி வைங்க. கோர்ட்ல கேஸ் போட கெடு 35 நாள், அதுவும் கைக்குக் கிடைச்ச நாள்லருந்து இல்ல, ஆர்டர்ல போட்ட தேதிலருந்து. தாண்டிட்டா காரணம் எழுதி டைம் கேக்கலாம், குடுப்பாங்கன்னு நம்பி உக்காராதீங்க.

தாரமங்கலத்தான்:
எண்ணிட்டேன்ணா. 29 நாள் ஓடிருச்சு. அங்க இப்ப நடுராத்திரி இருக்கும்.

ஏற்காடு_மிளகு:
எழுப்புங்க.