ஃபிப்-4 (கல்லீரல் தழும்பை மதிப்பிடும் எண்) கணக்கு 360 வருகிறதே, எங்கே தப்பு?

கேள்வி: வயது 52, கல்லீரல் என்சைம்கள் ஏஎஸ்டி 68, ஏஎல்டி 49, பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) 1.4 லட்சம். ஃபிப்-4 போட்டால் 360 காட்டுகிறது. சிறுநீரில் ஏதாவது பார்க்கலாமா?

பதில் 1: லட்சத்தை அப்படியே போட்டிருக்கீங்க. ஆயிரக்கணக்கில், 140 என்று போடணும். 52×68 = 3536. ஏஎல்டியின் வர்க்கமூலம் 7; 140×7 = 980. வகுத்தால் 3.6. 1.3-க்குக் கீழே என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு (65 தாண்டியவர்களுக்கு 2.0). 2.67-க்கு மேல் போனால் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேன்) பார்த்துவிடுங்க.

பதில் 2: அதற்குமுன், சமீபத்தில் டெங்கு வந்ததா? ஏஎஸ்டி ஏறி பிளேட்லெட் இறங்கும். கணக்கு சும்மாவே எகிறும். ரத்தம் எடுத்த குழாயில் சீரம் (மேலே தெளியும் திரவம்) சிவப்பணு உடைந்து சிவந்திருந்தாலும் ஏஎஸ்டி பொய்யாகக் கூடும், மறுபடி ரத்தம் எடுக்கணும்.

பதில் 3: சிறுநீரில் பார்க்கும் என்கால் (NGAL என்ற புரதம்) கல்லீரல் தழும்பைக் காட்டாது. சிரோசிஸில் (கல்லீரல் முற்றிலும் தழும்பேறிய நிலை) கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்த அளவு) ஏறினால், சிறுநீரக நுண்குழாய் அடிபட்டதா என்று பிரிக்க உதவும். சிறுநீர்த்தொற்றிலும் அது ஏறும், முதலில் சிறுநீர் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை).