மறு: எலிக்சரில் ‘ரெக்கரிங் டாஸ்க்’ – மீள்பணியா, தவணைப்பணியா?

வணக்கம். எலிக்சர் நிரல்மொழிக் கையேட்டில், குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடும் ‘ரெக்கரிங் டாஸ்க்’குக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். நீங்கள் எழுதியது:

> பின்னணியில் திரும்பத் திரும்ப ஓடுவதை ‘மீள்பணி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம் சரிதான். ஆனால் மீள்பரிசீலனை, மீள்திருத்தம் என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, முதல் தடவை சொதப்பியதைத் திரும்பச் செய்வதாகத்தான் இது படும். ‘சுழல்பணி’யும் ஒட்டவில்லை. எலிக்சருக்கு அடித்தளமான எர்லாங் மொழியில் வைல் சுழலே கிடையாது, செயற்கூறு தன்னைத்தானே அழைத்துக்கொண்டுதான் ஓடுகிறது.

என் குறை வேறு. இரண்டு சமாச்சாரங்களை ஒரே சொல்லில் அடைக்கப் பார்க்கிறோம். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நாணய மாற்று விகிதத்தை 60 நொடிக்கு ஒருமுறை எடுத்துவர ஒரு ஜென்செர்வர் (வரும் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து வேலை செய்யும் ப்ராசஸ்) எழுதி, குறித்த இடைவெளியில் அதற்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்க டைமர் தொகுதியின் ‘செண்ட் இன்டர்வெல்’லைப் போட்டிருந்தேன். ஒருநாள் இரவு விகிதம் தரும் எதிர்ப்பக்க வழங்கி (சர்வர்) மந்தமாகி, ஒவ்வொரு பதிலுக்கும் 90 நொடி எடுத்தது. மணிக்கு 60 செய்தி வருகிறது, 40தான் முடிகிறது. எட்டு மணி நேரத்தில் ப்ராசஸின் அஞ்சல்பெட்டியில், அதாவது செய்திகள் காத்திருக்கும் வரிசையில், 160 தேங்கிவிட்டது. விடிந்து வழங்கி சீரானதும், அந்த 160ஐயும் நம் ஜென்செர்வர் மூச்சுவிடாமல் கேட்க, வழங்கிக்காரர்கள் எங்களைத் தடுத்துவிட்டார்கள். தப்பு அவர்களுடையது இல்லை.

இந்த முதல் வகைக்குத் ‘தவணைப்பணி’ என்று பெயர் வைக்கலாம். போன தவணையைக் கட்டினாயா இல்லையா என்று அடுத்த தவணை பார்க்காது, நாள் வந்தால் வந்து நிற்கும். அஞ்சல்பெட்டியில் தேங்குவது ‘நிலுவை’. தனியாகச் சொல் தேட வேண்டியதே இல்லை. கடன் வாடை அடிக்கிறது என்பீர்கள். இலங்கையில் பள்ளிப் பருவமே தவணைதான், தவணைப் பரீட்சை என்றுதான் சொல்கிறார்கள். காலப்பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மற்றது, வேலையை முடித்துவிட்டு, செய்தி வந்ததும் ஓடும் ‘ஹேண்டில் இன்ஃபோ’வின் கடைசியில், குறித்த நேரம் கழித்து ஒரே ஒரு செய்தி அனுப்பும் ‘செண்ட் ஆஃப்டர்’ போட்டு அடுத்ததற்குச் சொல்லிவைப்பது. 90 நொடி வேலை, பிறகு 60 நொடி ஓய்வு. நிலுவைக்கு வழியே இல்லை. இதற்கு ‘இடைவிடுபணி’. இடைவிடாமல் என்று நாள்தோறும் சொல்கிறோம், அதன் மறுதலை யாருக்கும் புரியும். (அந்த வரியையே வேலைக்கு முன்னால் போட்டால் இரண்டுங்கெட்டான். அதற்குப் பெயர் வைக்கும் தெம்பு எனக்கில்லை.)

பொதுச்சொல் வேண்டுமானால் ‘தொடர்பணி’ போதும். அப்புறம், ‘பின்னணி’யை மாற்ற வேண்டாம், அது ஊன்றிவிட்டது.

கையேட்டு வரைவின் ஜென்செர்வர் பகுதியில் இப்படியே மாற்றுகிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.