முத்திரை அசல், எனாமல் போலி: ரஷ்ய வெள்ளியில் கண்டவை

ரஷ்ய எனாமல் வெள்ளி கைக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது 84 என்ற எண்ணைத்தான். அது ஸொலோத்னிக் என்ற பழைய ரஷ்ய எடை அலகின் கணக்கு. 96 சுத்த வெள்ளி, 84 என்றால் ஆயிரத்துக்கு 875. ரஷ்ய முத்திரையில் 875 என்றே இருந்தால் அது சோவியத் காலத்துப் பொருள், அல்லது அதற்கும் பிந்தையது. கோகோஷ்னிக் என்ற ரஷ்யத் தலையணி அணிந்த பெண் தலை இடப்பக்கம் பார்த்தால் 1899–1908, கூடவே தர அதிகாரியின் பெயரெழுத்துகள் இருக்கும். வலப்பக்கம் பார்த்தால் 1908–1917, அங்கே கிரேக்க எழுத்து: மாஸ்கோவுக்கு டெல்டா, பீட்டர்ஸ்பர்குக்கு ஆல்ஃபா. இடப்பக்கத் தலையோடு டெல்டா வந்த ஒரு உப்புக் கிண்ணம் பார்த்தேன். அது போலி, அதற்கு மேல் அதில் ஆராய எதுவும் இல்லை.

—

இதெல்லாம் சரியாக இருந்தாலும் ஏமாற வழி இருக்கிறது, சார். 84 முத்திரையுள்ள சாதாரணக் கரண்டிகள் மலிவு. அவற்றின் மேல் பின்னாளில் கம்பி பற்றவைத்து எனாமல் ஏற்றி விற்கிறார்கள். சமீபத்தில் பார்த்த தேக்கரண்டி ஒன்றில் நுனி ஒருபக்கமாகத் தேய்ந்து, காம்பின் விளிம்பு மழுங்கியிருந்தது. ஆனால் குழியின் முதுகில் முறுக்குக் கம்பியின் புரிகள் ஒவ்வொன்றும் கூராக நின்றன. மேசையில் உரசுவதே அந்த முதுகுதான், முதலில் தேய வேண்டியதும் அதுதான். தங்க முலாமும் காட்டிக்கொடுத்தது: பழைய கீறல்களின் பள்ளத்துக்குள்ளும் முலாம் பளிச்சென்று இறங்கியிருந்தது. கீறல் விழுந்த பிறகுதான் முலாம் பூசியிருக்கிறார்கள்.

—

எனாமலையே தனியாகச் சோதியுங்கள். பத்து மடங்கு லென்ஸ் போதும். எனாமல் என்பது கண்ணாடித் தூள். சுமார் 700–800 டிகிரி சூளையில் உருகும்போது சுருங்கும். அதனால் கம்பிகளுக்கு நடுவே லேசாகக் குழிந்து, கம்பி சற்றே உயர்ந்து நிற்கும். எபாக்ஸி பிசின் என்றால் விளிம்புவரை தளும்பியிருக்கும், சில இடங்களில் கம்பியின் மேலேயே வழிந்திருக்கும். உரிமையாளர் சம்மதித்தால் மறைவான இடத்தில் சூடான ஊசியை வையுங்கள்: பிசினில் தடம் விழும், கண்ணாடியில் விழாது. விரிசல் உள்ள இடத்தில் மட்டும் இதைச் செய்யவே கூடாது, சூடு பட்டால் சில்லு தெறிக்கும்.

மூடி, பிடி போன்ற கழற்றக்கூடிய பாகங்களில் தனியாகச் சிறிய முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, அவசரப்பட்டு நல்ல பொருளைத் தள்ளிவிடாதீர்கள். மாஸ்கோவின் எனாமல் கலைஞர் ஃபியோதர் ரூக்கர்ட், புகழ்பெற்ற ரஷ்ய நகை நிறுவனமான ஃபபெர்ஜேவுக்குச் செய்து கொடுத்த பொருட்களில், அவர் பெயரெழுத்தின் மேலேயே ஃபபெர்ஜே முத்திரையை அழுத்திக் குத்தியிருப்பதுண்டு. அடியில் பழைய எழுத்தின் கால் தெரிவதால் மட்டும் அதைப் போலி என்று சொல்ல முடியாது.