வரலாற்றுப் பாடத்துக்குக் கைவேலை: தெர்மோகோல் கோட்டையைத் தாண்டி என்ன செய்யலாம்?

ராமமூர்த்திநகர்_அம்மா:
பெங்களூரில் ஹோம்ஸ்கூலிங். பையனுக்கு 8 வயசு, பொண்ணுக்கு 11. தெர்மோகோல் கோட்டை, அட்டைப் பிரமிடுன்னு ரெண்டு பேரும் ஆசையா செய்றாங்க. ஆனா வெட்டி ஒட்டினதுதான் மனசுல நிக்குது. அந்தக் காலத்து ஆளுங்க ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு கேட்டா முழிக்கிறாங்க. இந்த மாசம் சிந்துவெளியும் தமிழ்க் கல்வெட்டும். செய்யும்போதே வரலாறு புரியற மாதிரி ஏதாவது சொல்லுங்க.

களிமண்_குடுவை:
தெர்மோகோல்ல வர்றது கோட்டையோட உருவம் மட்டும்தான். அந்தக் காலத்து வேலைமுறையையே கொடுத்துப் பாருங்க, கேள்வி தானா வரும். முத்திரையிலிருந்து ஆரம்பிங்க.

சிந்துவெளி முத்திரைகள் பெரும்பாலும் மாக்கல்லில் செதுக்கின சின்னச் சதுரங்கள். முதுகில் கயிறு கோக்க ஒரு குமிழ் இருக்கும். வீட்டில் மாக்கல்லுக்குப் பதில் புதுக் குளியல் சோப்பு போதும். பழசா காய்ஞ்ச சோப்பு பெயர்ந்து வரும். 3 செ.மீ. சதுரம், ஒன்றரை செ.மீ. கனத்தில் வெட்டுங்க. காம்பஸ் முனையால் 2 மி.மீ. ஆழம் செதுக்கணும். அதைவிட மேலோட்டமா இருந்தால் களிமண்ணில் அழுத்தும்போது படி (அச்சு) விழாது.

"இடவலம் மாறும்"னு முன்கூட்டியே சொல்லிடாதீங்க. களிமண்ணில் அழுத்தினதும் எழுத்து திரும்பி விழும். அப்போ அவங்களே கண்டுபிடிப்பாங்க. ரெண்டாவது முத்திரையில் கடைசி எழுத்துக்கு இடம் பத்தாமல் ஓரத்தில் நெருக்கி எழுதினால் அழிக்க விடாதீங்க. படியில் இடது ஓரத்தில் இப்படி நெருங்கிக் கிடக்கும் எழுத்துகளும் சிந்துவெளி எழுத்து வலமிருந்து இடமா ஓடுச்சு என்பதற்கு ஒரு சான்று.

அடுத்து, ஒரு பொட்டலத்தைச் சாக்குத்துணியில் சுற்றி நூலால் கட்டி, முடிச்சு மேல் களிமண் உருண்டையை வெச்சு முத்திரை குத்துங்க. அரைமணி கழிச்சுப் பெயர்த்துத் திருப்பினால் சாக்கின் இழையும் நூலின் முறுக்கும் பதிஞ்சிருக்கும். குஜராத்தில் இருக்கிற லோத்தல்ங்கிற சிந்துவெளி ஊரில் கிடங்கு தீப்பிடிச்சதில் வெந்துபோன களிமண் முத்திரைப் படிகளின் பின்புறமும் இப்படித்தான் இருக்கு. முத்திரை எதுக்குன்னு தனியா பாடம் நடத்த வேண்டியதில்லை.

களிமண் பாட்டரி டவுனில் கிடைக்கும். விரலில் ஒட்டாத பதம் வரணும். சோப்பு ஒட்டினால் மேலே கொஞ்சம் டால்கம் பவுடர் தட்டுங்க.

மைப்படி:
கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கச் சொல்லிக் கொடுங்கள், அதாவது கல்லில் உள்ள எழுத்தை ஈரத்தாளும் மையும் கொண்டு தாளில் படியெடுப்பது. முதலில் ஒரு கல் வேண்டும். 2 பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், 1 பங்கு தண்ணீர், 20×15 செ.மீ. தட்டில் 2 செ.மீ. கனத்துக்கு ஊற்றுங்கள். இறுகும்போது சூடாகும். பிள்ளைகள் கையை அதில் முக்கவே கூடாது. மிச்சத்தை சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஈரம் முழுக்கக் காயும் முன்பே எழுத்தை 3 மி.மீ. ஆழத்துக்குச் செதுக்குவது சுலபம். மறுநாள் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு பூச்சு பூசிக் காயவிடுங்கள்; இல்லாவிட்டால் தாளின் ஈரத்தைப் பிளாஸ்டர் உறிஞ்சிவிடும். நனைத்த தாளை மேலே விரித்து, புதிய ஷூ பிரஷால் செங்குத்தாக அடியுங்கள், தேய்க்காதீர்கள். தாள் எழுத்துக் குழிக்குள் இறங்கும். பின் துணியில் பஞ்சு வைத்துக் கட்டிய பொதியால் மை ஒற்றினால் மேட்டில் கறுப்பும் குழியில் வெள்ளையுமாக எழுத்து தெரியும்.

செதுக்கும் வாசகத்தில் புள்ளி வைக்க வேண்டாம். பழைய கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் எழுத்தில் தெரியாது. ஒருவர் செதுக்கியதை மற்றவர் வாசிக்கட்டும். 'க'வா 'க்'கா என்று தடுமாறும்போதுதான் கல்வெட்டைப் படிப்பவர்களின் வேலை என்னவென்று புரியும்.

ராமமூர்த்திநகர்_அம்மா:
முத்திரை பிரமாதமா வந்துச்சு, நன்றி! மைப்படியில்தான் ரெண்டு சிக்கல். ஏ4 தாள் அடிக்கும்போதே கிழியுது. கிழியாமல் வந்ததிலும் எழுத்துக் குழிக்குள்ள மை போய் முழுக்கக் கறுப்பாயிடுச்சு.

மைப்படி:
ஏ4 தாளில் பசை ஏற்றியிருப்பார்கள். அது ஈரத்தை எளிதில் வாங்காது, வளையவும் மறுக்கும். அதனால்தான் குழியின் விளிம்பில் கிழிகிறது. அவென்யூ ரோடு காகிதக் கடைகளில் அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் கேளுங்கள். கிழிந்த இடத்தில் மேலே ஒரு ஈரத்துண்டை வைத்து மறுபடி அடித்தால் ஒட்டிக்கொள்ளும்.

கறுப்பானதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். தாள் நன்றாக ஈரமாக இருந்தால் மை ஊறிப் பரவும். ஈரம் வற்றித் தாள் வெளிறிய பிறகே ஒற்ற வேண்டும். அடுத்தது ஒற்றும் பொதி. பஞ்சைத் தளர்வாகக் கட்டினால் அது குழிக்குள் போய்விடும். பழைய பருத்தித் துணியில் கெட்டியாகக் கட்டுங்கள். கறுப்பு போஸ்டர் கலரைத் தண்ணீர் சேர்க்காமல் தட்டில் எடுத்து, வேறு தாளில் இரண்டு முறை ஒற்றிவிட்டு, பிறகு மைப்படியில் லேசாகப் பல முறை ஒற்றுங்கள்.

களிமண்_குடுவை:
அது சரியா வந்ததும் டொம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்குக் கூட்டிப் போங்க. அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கு. டொம்லூருக்கு தேசிமாணிக்கப்பட்டணம்னு இன்னொரு பேர் இருந்ததும் கல்வெட்டில் வருது. ஆனா அங்கே மைப்படி வேண்டாம், அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது. மாவு, சாக்பீஸ், எண்ணெய் எதுவும் கல்லில் படக் கூடாது. டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிச்சால் குழியில் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். நாலு பக்கமிருந்தும் வெளிச்சம் கொடுத்து நாலு போட்டோ எடுத்துக்கோங்க. ஒண்ணில் தெரியாத கோடு இன்னொண்ணில் தெரியும்.