சென்ட்ஓஎஸ் 7-இல் ஜிலிப்சியை மட்டும் புதுசாக்கலாமா?

நிரலன்:
சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் ஓடும் சர்வர் ஒன்று. அதில் நோட் 18-ஐ (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் மென்பொருள்) ஓடவிட்டால் "ஜிலிப்சி 2.28 இல்லை" என்று நின்றுவிடுகிறது. ஜிலிப்சி என்பது லினக்ஸ் நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி. இருப்பது 2.17. சோர்ஸ் எடுத்து கம்பைல் செய்து, பழையதன் மேலேயே நிறுவிவிடலாம் என்று நினைக்கிறேன். புது ஜிலிப்சி பழைய நிரல்களை உடைக்காது என்கிறார்கள். அப்புறம் ஏன் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள்?

வேர்ப்பயனர்:
தயவுசெய்து செய்யாதீர்கள். கட்டளை வாங்கும் ஷெல்லான பாஷ், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ், நகலெடுக்கும் சிபி, சூடோ, எஸ்எஸ்எச் எல்லாம் அந்த ஒரு லைப்ரரியை நம்பித்தான் எழுகின்றன. அதை ஏற்றிவிடும் லோடர் தனிக் கோப்பு. லோடரும் லைப்ரரியும் ஒரே பதிப்பாக இருந்தே ஆகவேண்டும். ஒன்று மாறி மற்றது மாறாமல் நிறுவல் பாதியில் நின்றால் அதன்பின் எந்த நிரலும் எழாது. திறந்திருக்கும் ரூட் ஷெல்லில் எக்கோ, சிடி மாதிரி பாஷுக்குள்ளேயே இருக்கும் கட்டளைகள் மட்டும் வேலை செய்யும். பழைய கோப்பைத் திரும்ப வைக்க சிபி வேண்டும், அந்த சிபிக்கே லைப்ரரி வேண்டும். அந்த ஷெல்லையும் மூடிவிட்டால் வெளியிலிருந்து பூட் செய்வதுதான் வழி.

திறமூலன்:
இது மிகைப்படுத்தல். ஜிலிப்சியில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பதிப்பு முத்திரை உண்டு. பழைய நிரல் கேட்டால் பழைய வடிவமே கிடைக்கும். கோப்பின் பெயரில் இருக்கும் 6 என்ற எண் 1997-இலிருந்து மாறவே இல்லை. மீட்கவும் வழி இருக்கிறது: லோடரை நேரடியாக அழைத்து, பழைய லைப்ரரி இருக்கும் இடத்தைக் காட்டி சிபியை ஓட்டலாம். வெளி லைப்ரரி தேவைப்படாதபடி ஸ்டாட்டிக்காகக் கட்டிய பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொண்டால் இன்னும் எளிது.

எனக்குக் கவலை வேறு. இந்தப் பயத்தாலேயே பழைய சர்வர்களைத் தொடாமல் விடுகிறார்கள். சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. 2015-இல் வந்த கோஸ்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை, அடுத்த வருடம் முகவரி தேடும் கெட்ஆட்ரின்ஃபோ ஃபங்ஷனில் வந்த ஓட்டை, இரண்டும் ஜிலிப்சியில்தான். அடுத்தது வந்தால் இந்த 2.17-க்கு யார் திருத்தம் தருவார்கள்?

வேர்ப்பயனர்:
ஆதரவு முடிந்தது உண்மைதான். அதற்கு மருந்து டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸ் தொகுப்பையே மாற்றுவது, நடுவில் ஒரு லைப்ரரியை மட்டும் கையால் பிடுங்கி வைப்பது அல்ல. நீங்கள் சொன்ன இரண்டு ஓட்டைகளுக்கும் திருத்தம் 2.17-க்குள்ளேயே கொண்டுவரப்பட்டது, பதிப்பு எண் மாறவில்லை. 2023-இல் வெளிவந்த லூனி டியூனபிள்ஸ் என்ற ஓட்டை 2.34-இல் நுழைந்த பிழை. சென்ட்ஓஎஸ் 7-இல் அது இல்லவே இல்லை. எண் பெரிதாக இருந்தால் பாதுகாப்பு என்று எண்ணுவது தவறு.

"உடைக்காது" என்பதையும் முழுசாக ஏற்க முடியாது. 2010-இல் நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷனின் உள்வேலை மாறியதும் ஃபெடோரா 14 லினக்ஸில் ஃப்ளாஷ் ஒலி சிதைந்தது. தப்பு ஃப்ளாஷுடையது, ஒன்றன்மேல் ஒன்று படியும் நினைவகத்துக்கு அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். ஆனாலும் லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸே வந்து, பயனருக்கு உடைந்தால் உடைந்ததுதான் என்ற பக்கம் நின்று வாதாடினார். பிறகு 2.14-இல்தான் புது மெம்காப்பிக்குத் தனி முத்திரை கொடுத்தார்கள்.

தரவுக்காவலன்:
இருவரும் எழுமா எழாதா என்பதையே பேசுகிறீர்கள். எழாவிட்டால் உடனே தெரிந்துவிடும். தெரியாமல் கெடுவதுதான் கொடுமை.

2.28-இல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் பெரிய அளவில் மாறின. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வழக்கமாக அந்த வரிசையை ஜிலிப்சியிடம்தான் கேட்கிறது. அமெரிக்க ஆங்கில லொகேலில் (மொழி, வட்டார அமைப்பு) முன்பு "11" முதலில், "1-1" அடுத்து, 2.28-க்குப் பிறகு தலைகீழ். பழைய வரிசையில் கட்டிய இண்டெக்ஸை (பதிவுகளை விரைவாகத் தேட உதவும் அட்டவணை) வைத்துப் புது விதியோடு தேடினால், இருக்கிற பதிவே இல்லை என்று பதில் வரும். யுனிக் என்று சொன்ன இடத்தில் இரட்டைப் பதிவு புகுந்துவிடும். லாகில் ஒரு வரிகூட இருக்காது. எழுத்துகளின் எண் மதிப்பை வைத்தே வரிசைப்படுத்தும் சி லொகேலில் இருந்தால் தப்பித்தீர்கள். இல்லையென்றால் உரை இண்டெக்ஸ்கள் அத்தனையையும் திரும்பக் கட்டவேண்டும்.

திறமூலன்:
இதை ஏற்கிறேன், முக்கியமான விஷயம். ஆனால் டெபியன் 9-இலிருந்து 10-க்குப் போனவர்களுக்கும் இதே நடந்தது. முறைப்படி டிஸ்ட்ரோ மாற்றினாலும் வரும். ஆகவே இது கையால் செய்வதற்கு எதிரான வாதம் ஆகாது.

தரவுக்காவலன்:
ஆகும். டிஸ்ட்ரோவை மாற்றுகிறவர் வெளியீட்டுக் குறிப்பைப் படிப்பார், பேக்கப் எடுப்பார், ஒரு நாள் ஒதுக்குவார். ஒரு நோடுக்காக லைப்ரரியை மாற்றுகிறவருக்கு டேட்டாபேஸ் நினைவுக்கே வராது.

நிரலன்:
அதே சர்வரில் போஸ்ட்கிரெஸ் 12 ஓடுகிறது. சரி, மேலே நிறுவும் எண்ணத்தை விட்டுவிட்டேன். நோடுக்கு என்ன செய்ய?

திறமூலன்:
புது ஜிலிப்சியை ஆப்ட் அடைவுக்குள் தனியாக நிறுவுங்கள். பேட்ச்எல்ஃப் என்ற கருவி கொண்டு, நோட் நிரல் கோப்பில் பதிந்திருக்கும் லோடர் பாதையை மட்டும் அங்கே திருப்புங்கள். அதற்கு முன்னால் கம்பைலரும் புதுசு வேண்டும். அதிலிருக்கும் ஜிசிசி 4.8 போதாது. சி பிளஸ் பிளஸ் லைப்ரரியும் நோடுக்குப் பழசு, அதையும் சேர்த்து வையுங்கள். லைப்ரரிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி லைப்ரரி பாத் மாறியை மட்டும் ஷெல் முழுக்க வைத்துவிடாதீர்கள்: பழைய லோடர் புது லைப்ரரியை எடுக்கும், எல்எஸ் கூட விழும்.

வேர்ப்பயனர்:
இவ்வளவு பாடுபடுவதற்கு, நிரலை அதன் லைப்ரரிகளோடு தனியாக அடைத்து ஓட்டும் கண்டெய்னர் மேல். அது தன் ஜிலிப்சியைத் தானே கொண்டுவரும், கர்னல் மட்டும் பொது. உங்கள் கர்னல் 3.10; ஜிலிப்சி கேட்பது 3.2, போதும். கண்டெய்னரை ஓட்டும் டாக்கர் பழசாக இருந்தால் ஜிலிப்சி 2.34 அல்லது அதற்குப் பிந்தையது உள்ள இமேஜ்களில் புது திரெட் உருவாக்கும் அழைப்பைத் தடுத்துவிடும், ஆகவே 20.10.10 அல்லது அதற்குப் பின் வந்தது போடுங்கள். அதை வைத்து நாள் கடத்தாமல் புது சர்வருக்கு மாறும் வேலையையும் தொடங்குங்கள்.

நிரலன்:
மாறும்போது போஸ்ட்கிரெஸின் டேட்டா அடைவை அப்படியே நகலெடுத்தால் போதுமா?

தரவுக்காவலன்:
வேண்டாம், அந்த இண்டெக்ஸும் கூடவே வரும். டேட்டாபேஸை அப்படியே தொடர்ந்து நகலெடுக்கும் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகா வைத்தாலும் இதே கதைதான். பிஜி டம்ப் என்ற கருவியால் தரவை வெளியே எடுத்துப் புது சர்வரில் ஏற்றுங்கள். இண்டெக்ஸ்கள் அங்கேயுள்ள ஜிலிப்சியின் வரிசையில் புதுசாகக் கட்டப்படும். டேபிளைப் பார்ட்டிஷன்களாக உரை வரம்புகளால் பிரித்திருந்தால் அவற்றையும் ஒருமுறை சரிபாருங்கள்.