போட்டோவுக்கெல்லாம் பேரு எப்பிடி வைக்கிறிய?

தக்கலைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல போட்டோ எல்லாம் ஒரே குவியலா கெடக்கு. அப்பாக்க நிக்கான் கேமரா, அண்ணனுக்க போன், எனக்க போன், சொந்தக்காரங்க வாட்ஸாப்ல அனுப்பினதுன்னு ஒண்ணுக்கும் ஒழுங்கு கிடையாது. கேமரா படத்துல டிஎஸ்சி_0412ன்னு ஒரே பேர்ல ரெண்டு இருக்கு, ஒண்ணு திற்பரப்பு அருவி, மத்தது மாமா மக கல்யாணம், ஒரே ஃபோல்டர்ல போட்டா ரீப்ளேஸ் பண்ணவான்னு கேக்கு. வருஷம் வாரியா அடுக்கவா, ஃபங்ஷன் வாரியாவா? பேரு தமிழ்ல வச்சா பின்னாடி பிரச்சனை வருமா?

குழித்துறை கேமரா:
மக்களே, ரீப்ளேஸ் மட்டும் குடுத்துராத. கேமரா நம்பர் 9999 வரைக்கும்தான் ஓடும், அப்புறம் திரும்ப 0001, அதான் அருவியும் கல்யாணமும் ஒரே பேர்ல நிக்கு. பேரு தேதில தொடங்கணும், வருஷம் மொதல்ல, பெறவு மாசம், நாள், மணி. 2019-03-10_153020 இப்பிடி. 10-03-2019ன்னு நாள முன்னால போட்டா எல்லா வருஷத்து 10ஆம் தேதியும் ஒண்ணா போய் ஒட்டிக்கிடும். மணிக்கு நடுவுல கோலன் போடாத, விண்டோஸ் ஏத்துக்காது.

இத கையால அடிக்க வேண்டாம். எடுத்த நேரம் ஃபைலுக்குள்ளயே எக்ஸிஃப்ன்னு பதிஞ்சிருக்கும். டேட் மாடிஃபைட் எடிட் பண்ணினா மாறிடும், இது சாதாரணமா மாறாது. டிஜிகாம் இலவச சாஃப்ட்வேர், படத்த ஒக்க செலக்ட் பண்ணி எஃப்2 தட்டி தேதிய வச்சு பேரு மாத்துன்னு சொன்னா மாத்திரும். கமாண்டு அடிக்க தெரிஞ்சா எக்ஸிஃப்டூல் இன்னும் வேகம்.

கல்யாணப் படத்துல ஒண்ணு பாக்கணும். ரெண்டு கேமராவுக்கும் மணி ஒத்து வராது, ஒண்ணுல தாலி கட்டியாச்சு, மத்ததுல மாப்பிள்ள அப்பத்தான் மேடை ஏறுவாரு, வரிசையா பாத்தா ஒண்ணும் வெளங்காது. நாங்க வேலை தொடங்கும்போதே ரெண்டு கேமராலயும் ஒரே போன் மணிய ஒரு படம் எடுத்துக்கிடுவோம், வித்தியாசம் எவ்வளவுன்னு பாத்து டிஜிகாம்ல மொத்தமா நேரத்த தள்ளுவோம். பேரு மாத்துறது அதுக்கு அப்புறம்தான்.

முட்டம்_அலை:
அண்ணன் சொன்னது சரி, ஆனா வாட்ஸாப் படத்துக்கு இது ஓடாது. அதுல எக்ஸிஃப் எல்லாம் போயிருக்கும், ஐஎம்ஜி-20230114-டபிள்யூஏ0005ன்னு இருந்தா அது நமக்கு வந்த தேதி, எடுத்த தேதி இல்ல. 2017ல ஓகி புயல் நேரத்துல எடுத்த படத்த நவம்பர் 30 வந்தா இப்பவும் குரூப்ல போடுவாங்க, அது எல்லாம் இந்த வருஷக் கணக்குல போய் இறங்கும். அதுகள தனியா வச்சு கையாலதான் தேதி போடணும். இனி யாருகிட்ட கேட்டாலும் டாக்குமெண்டா அனுப்ப சொல்லுங்க, தேதியும் இருக்கும், படமும் மங்காது.

வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள 2019-03_மண்டைக்காடு-கொடை மாதிரி ஃபங்ஷன். ஆளுக்கு ஒரு ஃபோல்டர் வேண்டாம், அம்மையும் மாமியும் ஒரே படத்துல நின்னா எதுல வைப்பிய? ஆளுபேரு டேக்ல, அதாவது படத்தோட ஒட்டி வைக்கிற குறிப்புச் சொல்லுல. அந்த டேக்க ஃபைலுக்குள்ளயே எழுதுன்னு டிஜிகாம் செட்டிங்ஸ்ல டிக் பண்ணணும், இல்லன்னா கம்ப்யூட்டர் போனா டேக்கும் போச்சு. தமிழ் பேரு தாராளமா வைக்கலாம், சில பழைய ஜிப் சாஃப்ட்வேர்லதான் எழுத்து ஒடையும்.

தக்கலைக்காரி:
ரொம்ப நன்றி. பாட்டாக்க ஆல்பத்த ஸ்கேன் பண்ணினது கொஞ்சம் இருக்கு, வருஷமே தெரியாது, ஸ்கேன் பண்ணின தேதிதான் காட்டுது. அத என்ன செய்ய?

கோட்டாறு டீச்சர்:
எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது. பத்து வருஷ அளவுல தெரிஞ்சா 197x_பாட்டா-வீடு_01ன்னு வைங்க, எழுபதுகள்னு பாத்ததும் தெரியும். படத்துக்குப் பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க, ஸ்டுடியோ சீலு, பேனாவுல எழுதின தேதி எல்லாம் அங்கதான் இருக்கும், அதுக்கு அதே பேரு, கடைசில "பின்". சின்ன பிரிண்ட்டுக்கு ஸ்கேனர்ல 600 டிபிஐ (எவ்வளவு நுணுக்கமா ஸ்கேன் பண்ணணும்ங்கிற அளவு) வைங்க.

குமரி கடற்கரைல நின்னு எடுத்த படம் எல்லா வீட்லயும் ஒண்ணாவது இருக்கும், பின்னால தெரியுற கடல நல்லா பாருங்க. பாறை மொட்டையா இருந்தா 1970க்கு முன்ன, விவேகானந்தர் மண்டபம் அந்த வருஷம் செப்டம்பர்லதான் திறந்தது. மண்டபம் இருந்து, இப்ப வள்ளுவர் சிலை நிக்கிற பாறையும் ஃபிரேமுக்குள்ள வந்து அது வெறுமையா கெடந்தா அதுக்கும் தொண்ணூறுகளுக்கும் நடுவுல. வள்ளுவர் முழுசா நின்னா 2000 வாக்குலயோ அதுக்குப் பிந்தியோ, நடுவுல கண்ணாடிப் பாலம் தெரிஞ்சா 2024 கடைசிக்கு இந்தப் பக்கம். சேலை டிசைன வச்சு வருஷம் சொல்றத விட இது உறுதி. ஆளுங்க பேர இடமிருந்து வலமா கேப்ஷன்ல எழுதுங்க, பாட்டா வயசு ஆளுங்க கிட்ட உக்காந்து கேட்டு இந்த மாசமே எழுதுங்க, தள்ளிப் போடாதீங்க.

குழித்துறை கேமரா:
டீச்சர் சொன்ன கடல் கணக்கு கொள்ளாம், நானும் எடுத்துக்கிடுதேன். மக்களே, பேரு மாத்த தொடங்குறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்துரு, காப்பி ஆனதும் கழட்டி அலமாரில வை. ஐப்பசி இடிக்கு கம்ப்யூட்டர்ல குத்தியே போட்டா ரெண்டும் சேந்து போவும்.