ஆன்லைனில் நைட்டி விற்க விவரம் எழுதிய அனுபவம் – உங்களுடையதையும் சொல்லுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு நைட்டிக் கடை. அவர்களின் ஆன்லைன் விற்பனைக்கு விவரம் எழுதித் தருவது நான். ஆரம்பத்தில் சரக்கோடு வரும் சீட்டில் இருப்பதை அப்படியே போட்டுவிடுவேன்: "140 ஜிஎஸ்எம் ரேயான், மார்பு 44 இன்ச்." ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு.

ஒருநாள் ஒரு பார்சல் திரும்பி வந்தது. வாங்கிய அம்மாவே போன் செய்தார். "என் அளவும் 44, நீங்களும் 44னுதான் போட்டிருக்கீங்க. கையைத் தூக்கவே முடியலையேம்மா?" நான் எழுதியது தைத்த துணியின் சுற்றளவு, அவர் எடுத்துக்கொண்டது உடம்பின் அளவு. தப்பு என்னுடையதுதான். அன்றைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

அப்புறம் ஒரு மதியம் முழுக்கக் கடையில் உட்கார்ந்து, துணி எடுத்துப்போடும் அக்கா பேசுவதைக் குறித்துக்கொண்டேன். ஜிஎஸ்எம் என்ற சொல்லே அங்கே வரவில்லை. வந்தவர்கள் கேட்டது, "உள்ளே தெரியுமா? சாயம் போகுமா? சுருங்குமா?" அக்காவின் பதில்: "ஒரு தண்ணி விட்டா ரெண்டு விரல் ஏறும், அதுக்குத்தான் நீளமா தைச்சிருக்கு." இதைவிட நன்றாக என்னால் எழுத முடியாது. அப்படியே போட்டேன்.

அளவை இப்படி மாற்றினேன்: "துணியின் சுற்றளவு 44 இன்ச். உங்கள் மார்பளவு 40 வரை தாராளமாக இருக்கும். சந்தேகமா? வீட்டில் உங்களுக்குச் சரியாக இருக்கும் நைட்டியைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள்." சதுர மீட்டருக்கு 140 கிராம் என்பதைக் கடைசி வரிக்குத் தள்ளிவிட்டு, "வெளிர் நிறங்கள் வெளிச்சத்தில் லேசாகத் தெரியும், மெரூனும் கருநீலமும் தெரியாது" என்று மேலே வைத்தேன். ரேயான் நனைந்தால் வலு குறையும், அதனால் முறுக்கிப் பிழிய வேண்டாம் என்றும் சேர்த்தேன்.

'தெரியும்' என்று எழுதக் கடைக்கார அண்ணன் தயங்கினார். சொன்னபடி பொருள் இல்லையென்றால் திருப்பி எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020-இல் வந்த மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது, முன்னாடியே சொல்லிவிடலாம் அண்ணா என்றேன். சரி என்றார்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

எங்களுக்கு வாட்டர் பியூரிஃபையர் வாங்கும்போது இதே கதை. "டிடிஎஸ் 2000 வரை" என்று போட்டிருந்தார்கள். அம்மா அதை 2000 லிட்டர் வரை ஓடும் என்று நினைத்துவிட்டார். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு வகையறாவின் அளவு அது. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. "போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா? இது வேண்டும். மெட்ரோ வாட்டர் மட்டும்தானா? பெரும்பாலும் இவ்வளவு தேவைப்படாது" என்று இரண்டு வரி எழுதியிருந்தால் போதுமே! உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்.ஓ. வகை பியூரிஃபையரில் குடிக்கக் கிடைப்பதைவிடக் கழிவாகப் போவது பெரும்பாலும் அதிகம். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற தெரு எங்களுடையது. ஒரு குடத்துக்கு எத்தனை குடம் வீணாகும் என்பதைத்தான் நாங்கள் முதலில் கேட்போம்.

காசிமேட்டிலிருந்து:

மீனுக்கு எழுதுபவர்கள் தயவுசெய்து ஒன்றைச் சொல்லுங்கள். "வஞ்சிரம் 1 கிலோ" என்றால் வெட்டுவதற்கு முன்பா, சுத்தம் செய்த பிறகா? தலை உண்டா? ஏலத்தில் கூடையோடு பார்த்து வாங்கிய எனக்கே ஆன்லைனில் புரியவில்லை.

வண்ணாரப்பேட்டையிலிருந்து மறுபடியும்:

தலை உண்டா என்றதும்தான் உறைத்தது. கடைக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் "போன் வைக்கப் பாக்கெட் இருக்கா?" என்று கேட்கிறார்கள். எங்கள் ஆன்லைன் விவரத்தில் எந்த நைட்டிக்கும் அதை நான் எழுதவில்லை. நாளைக்குக் காலையில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துச் சேர்க்கப்போகிறேன், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்பது உட்பட.